வட்டத்துக்குள் யார் யார்

லுயாண்டோ ஹமூங்காவிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், கேட்டவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். மொன்ஸேயில் இருக்கும் அம்மாவிடம் மக்காச்சோளத்தைப் பற்றி எழுதுகிறேன் என்பாள். லுசாக்காவில் பக்கத்து வீட்டாரிடம் ஆய்வு நிலையத்தில் வேலை என்பாள். என்னிடம் ஒருமுறை, "மூணு நாட்டுக்காரங்களை ஒரே மேசையில உட்கார வெச்சு, எழுந்து போகாம பார்த்துக்கிற வேலை" என்றாள். மூன்றும் உண்மைதான். ஆனால் அந்த வறட்சி ஆண்டுக்குப் பிறகு, எந்தப் பதிலைச் சொன்னாலும் பாதியில் நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்.

நான் அதே நிலையத்தில் அறிக்கைகளைத் திருத்திக் கொடுப்பவன். அவள் மேசை எனக்கு அடுத்தது. மாடு நிறைய வைத்திருந்த டோங்கா இனத்து வீட்டில் பிறந்து, விவசாயப் பொருளாதாரம் படித்து, சத்தமில்லாமல் வேலைக்குச் சேர்ந்தவள். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் இயக்குநர் டாக்டர் சிட்டாலி, ஆற்றில் மீன் பிடிக்கும் லோசி இனத்தவர். லோசிகளுக்கும் டோங்காக்களுக்கும் கேலி முறை உண்டு. மாமன் மச்சான் போல எதை வேண்டுமானாலும் சொல்லலாம், கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. காலையில் அவளைப் பார்த்ததும், "எங்க தாத்தாவோட மாட்டையெல்லாம் பட்டியில அடைச்சிட்டுத்தானே வந்தே?" என்பார். அவளும் விடமாட்டாள். "மீன் நாத்தம் அடிக்குதேன்னு பார்த்தேன், டாக்டர்தான் வந்திருக்கீங்க" என்பாள். அலுவலகமே சிரிக்கும்.

மூன்று நாட்டுக் கூட்டு உருவானது மலாவித் தலைநகர் லிலோங்வேயில் நடந்த ஒரு மாநாட்டில். ஜாம்பியாவில் நாங்கள், மலாவியில் ஒரு நிலையம், தான்சானியாவில் ஒரு நிலையம். மூவரும் ஒரே ஆண்டில், ஒரே வெளிநாட்டு அறக்கட்டளைக்காக, ஒரே எல்லை வியாபாரத்தைப் பற்றி அறிக்கை எழுதியிருந்தோம். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்திருக்கவில்லை. மூன்றும் மூன்று விதமாக முடிந்திருந்தன. மலாவி நிலையத்தின் தலைவர் கோண்ட்வே, வடக்கே ரும்பியைச் சேர்ந்தவர், எப்போதும் கோட்டுப் போட்டிருக்கும் நிதானமான மனிதர். அன்று அவர் எழுந்து, "நம்ம பக்கத்து வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு கடல் தாண்டி ஒருத்தன் வந்து சொல்லி நாம தெரிஞ்சுக்கிறோம். நமக்கு வெக்கமா இல்லையா?" என்றார்.

அன்று மாலையே பேசி முடித்தார்கள். அறுவடை மதிப்பீடு, கையிருப்பு, எது எங்கே போகிறது என்பதையெல்லாம் வெளியிடுவதற்கு முன்பே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது. ஒருங்கிணைப்பாளராக லுயாண்டோ. தான்சானியாவின் சார்பில் சலாமா. டார் எஸ் சலாமைச் சேர்ந்தவள், வயதில் மூத்தவள், மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுபவள். எல்லாரும் சம்மதித்த பிறகு கோண்ட்வேதான் தயங்கினார். மலாவியில் விளைச்சல் குறையப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், விற்பவர்கள் விலையை ஏற்றிவிடுவார்கள் என்பது அவருடைய பயம். லுயாண்டோ தட்டில் இருந்த சாம்போ மீனை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "இந்த வட்டத்தை விட்டு வெளியே போகாது அண்ணே. நான் இருக்கேன்ல" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீனை எடுத்துக்கொண்டார்.

வட்டம் என்றால் யார் யார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களா, அவர்களுடைய நிலையங்களா என்ற கேள்வி அப்போது யாருக்குமே தோன்றவில்லை.

முதல் சில பருவங்கள் நன்றாகவே போயின. கோண்ட்வேயின் மின்னஞ்சல்கள் அவளுடைய அம்மாவின் நலம், மாடுகளின் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வரும். சலாமா எழுதவே மாட்டாள். பேசிப் பதிவு செய்து அனுப்புவாள், பின்னால் பேருந்தின் ஹாரன் கேட்கும். மூவரும் சேர்ந்து எழுதிய அறிக்கையை மூன்று நாட்டுச் செய்தித்தாள்களும் போட்டன. எல்லையைத் திறந்து வைத்திருந்தால் எல்லாருக்கும் நல்லது என்பதே அதன் சாரம். அதைத் திருத்தியவன் நான். நம்பித்தான் திருத்தினேன்.

பிறகு மழை பொய்த்த ஆண்டு வந்தது. எங்கள் பக்கமும் மோசம், மலாவியில் அதைவிட மோசம். கோண்ட்வே தன் மதிப்பீட்டை அனுப்பிவைத்தார். அந்த முறை நலம் விசாரிப்பு சுருக்கமாக இருந்தது. லுயாண்டோ அதை இரண்டு முறை படித்தாள். வழக்கம்போல அதைக் கூட்டுக்கான கோப்பில் போட்டு வைத்தாள். அந்தக் கோப்பை நிலையத்தில் வேறு சிலரும் திறக்க முடியும். டாக்டர் சிட்டாலியும் திறக்க முடியும்.

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் நானும் இருந்தேன். டாக்டர் ஒவ்வொருவரிடமும் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொண்டு வந்தார். லுயாண்டோவின் முறை வந்தபோது, மலாவியில் நிலைமை சரியில்லை என்று அவள் சொன்னதாக எனக்கு ஒரு நினைவு. இல்லை, டாக்டர்தான் மலாவியில் சரியில்லையாமே என்று கேட்டார், அவள் தலையைத்தான் ஆட்டினாள் என்று இன்னொரு நினைவும் இருக்கிறது. கூட்டத்தில் இருந்த மற்றவர்களை விசாரித்தபோது அவரவர் ஒன்று சொன்னார்கள்.

சில வாரங்கள் கழித்து லிலோங்வேயில் கூட்டு கூடுவதாக இருந்தது. லுயாண்டோ பேருந்தில் கிளம்பினாள். எல்லையோர ஊரான சிபாட்டா வந்ததும் யாருடைய கைப்பேசியிலோ செய்தி ஓடியது. ஜாம்பியாவிலிருந்து மக்காச்சோளமும் மாவும் வெளியே போகத் தடை, உடனே அமல். பேருந்தில் பாதிப் பேர் நல்லதுதான் என்றார்கள். மீதிப் பேர் மாமா வீடும் மச்சான் வீடும் எல்லைக்கு அந்தப் பக்கம் வைத்திருப்பவர்கள், அவர்கள் பேசவில்லை.

ம்வாமி எல்லைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் நிழல் தேடி லாரிக்கு அடியிலேயே பாயை விரித்துப் படுத்திருந்தார்கள். குடியேற்ற அதிகாரி அவள் கடவுச்சீட்டைப் புரட்டிக்கொண்டே என்ன வேலை என்று கேட்டார். மக்காச்சோள வியாபாரத்தைப் பற்றி ஆராய்ச்சி என்றாள்.

"அப்படியாம்மா? இந்தத் தடையும் உங்க ஆராய்ச்சிதானா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அவளும் சிரித்தாள். லாரிகளுக்கு நடுவே பையை எடுத்துக்கொண்டு நடக்கும்போதுதான் அந்தக் கேள்வி அவளுக்குள் இறங்கியது. டாக்டர் சிட்டாலி போன மாதம் அமைச்சகத்துக்கு ஆலோசனை சொல்லப் போனது அவளுக்குத் தெரியும். என்ன ஆலோசனை என்பது தெரியாது. அவளும் கேட்டிருக்கவில்லை.

லிலோங்வேயில் கோண்ட்வே கோபப்பட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் எழுந்து நின்று வரவேற்றார், பயணம் எப்படி என்று விசாரித்தார், தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். சலாமாவும் உள்ளே இருக்க, கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார்.

"தங்கச்சி, நேரா கேக்கிறேன். எங்க கணக்கை உங்க டாக்டர்கிட்ட சொன்னியா?"

"தெரியலை அண்ணே."

"தெரியலைன்னா?"

"சொன்னேனா, அவர் கேட்டாரா, கோப்புல பார்த்தாரான்னு எனக்கே தெரியலை. மறைக்கணும்னு நான் நினைக்கலை. அவரும் நம்ம நிலையம்தானேன்னு இருந்துட்டேன்."

"நாங்க வாங்க வர்றதுக்குள்ள நீங்க கதவைச் சாத்திட்டீங்க. எங்க பஞ்சத்தை ஊருக்குச் சொன்னது யாருன்னு என்னைத்தான் இங்க கேக்கிறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

சலாமா அதுவரை சும்மா இருந்தவள், இருவரையும் சேர்த்துத் திட்ட ஆரம்பித்தாள். எல்லா நாடும் மூடத்தான் செய்யும், நாளைக்கே எங்கள் நாடும் மூடும், அப்போது என்னையும் இப்படிக் கூண்டில் ஏற்றுவீர்களா என்று கேட்டாள். பிறகு அவளுக்கே தான் யார் பக்கம் பேசுகிறோம் என்று குழம்பிவிட்டதுபோல நிறுத்திக்கொண்டாள். கோண்ட்வே இருவரையும் வாசல்வரை வந்து வழியனுப்பினார். இனித் தன் நிலையத்திலிருந்து எதுவும் வராது என்று, மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்.

லுசாக்கா திரும்பியதும் அவள் நேரே டாக்டரின் அறைக்குப் போனாள். அன்றைக்குக் கேலி எதுவும் இல்லை. கதவு சரியாகச் சாத்தப்படாததால் எனக்கும் கேட்டது.

"மூடச் சொன்னது நீங்களா டாக்டர்?"

"ஆமா."

"எல்லையைத் திறந்து வைக்கணும்னு மூணு நிலையமும் சேர்ந்து எழுதினோமே. உங்க பேரும் அதுல இருக்கு."

"அது மழை பெஞ்ச வருஷத்துல எழுதினது. இந்த வருஷம் இந்த ஊர்ல நிஷிமா கிண்ட மாவு இல்லைன்னா ஜனங்க யார் வீட்டு வாசலுக்கு வருவாங்க? கோண்ட்வே வீட்டுக்கா? நான் இந்த நாட்டுக்கு வேலை பார்க்கிறேன் லுயாண்டோ. நீ யாருக்குப் பார்க்கிறே?"

அவள் வெளியே வந்தாள். என் மேசை ஓரமாக நின்று, "அவர் கேட்டது தப்பில்லையே" என்றாள். கொஞ்சம் கழித்து, "கோண்ட்வே அண்ணன் கேட்டதும் தப்பில்லையே" என்றாள். நான் ஒரு கமாவை அழித்துவிட்டு மறுபடியும் அதே இடத்தில் போட்டேன்.

வீட்டுப் பக்கம் போனாலும் இதே கதைதான். பக்கத்து வீட்டம்மா, மாவு விலை ஏறவில்லை, உங்களைப் போலப் படித்தவர்கள் சொல்லித்தான் அரசாங்கம் மூடியதாமே என்று கையைப் பிடித்து நன்றி சொன்னாள். மொன்ஸேயிலிருந்து தம்பி சோங்கோ தொலைபேசியில் கத்தினான். அவன் சுற்று வட்டாரத்தில் மக்காச்சோளம் வாங்கி எல்லைக்கு அந்தப் பக்கம் ஏற்றுபவன். வாங்கி வைத்ததெல்லாம் கிடங்கில் கிடக்கிறது, எந்த அறிவாளி இதைச் சொன்னான் என்று கேட்டான். அவள் இருவருக்கும் ம் கொட்டினாள். அந்த நாள்களில் அவள் வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. விடுவதானால் எதற்காக என்று தெரிய வேண்டுமே என்று சொன்னாள்.

அப்படியே இழுத்துக்கொண்டிருந்தபோது கோண்ட்வேயின் தாய் இறந்த செய்தி வந்தது. லுயாண்டோ போகத்தான் வேண்டும் என்றாள். அது கூட்டுக்காகவா, தனக்காகவா என்று அவள் சொல்லவில்லை. நிலையத்தின் சார்பில் நானும் கிளம்பினேன். புறப்படும் நேரத்தில் டாக்டர் சிட்டாலி தன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "ஏறுங்க. மாட்டுக்காரியை நம்பி அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு வந்த கேலி. அவள் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். வண்டியின் பின்பக்கம் சாவு வீட்டுக்கென்று ஒரு மூட்டை மாவு கிடந்தது. அந்த வழக்கத்தை எங்கள் பக்கம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெறுங்கையோடு போய்ச் சாவு வீட்டில் உட்கார முடியாது.

ம்வாமியில் சுங்க அதிகாரி பின்கதவைத் திறந்து பார்த்தார்.

"மாவு போகாது ஐயா. தடை இருக்கு."

"வியாபாரத்துக்கு இல்லைப்பா. சாவு வீட்டுக்குக் கொண்டு போறோம்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. இந்த மாசம் சாவு வீட்டுக்குப் போற மூட்டையை எண்ணிப் பார்த்தா, அந்தப் பக்கம் ஒரு ஆள் உயிரோட இருக்க முடியாது ஐயா."

டாக்டர் வாயைத் திறந்தார். தான் யார் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். என்னவென்று சொல்வார்? இந்தத் தடையைச் சொன்னவனே நான்தான், எனக்கு மட்டும் விலக்குக் கொடு என்றா? வாயை மூடிக்கொண்டார். மூட்டையைத் தானே இறக்கி, ஓரத்தில் அடை சுட்டு விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் கொடுத்தார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை; யாருக்காக வைத்திருக்க வேண்டும் என்று கேட்டாள். உங்களுக்குத்தான் என்றார். லுயாண்டோ இடுப்பில் சுற்றியிருந்த சிட்டெங்கே துணியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு காரின் அந்தப் பக்கம் போய் நின்றாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பிறகு கேட்டபோது, இரண்டுக்கும் நடுவில் ஏதோ என்றாள். எல்லையைத் தாண்டிய பிறகு சர்க்கரையும் பீன்ஸும் வாங்கிக்கொண்டோம்.

ரும்பிக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஆனாலும் ஆட்கள் கலையவில்லை. சலாமா கரோங்கா வழியாக எங்களுக்கு முன்பே வந்து, உள்ளே பெண்களோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். லுயாண்டோவும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஆண்கள் வெளியே மரத்தடியில் இருந்தோம். கோண்ட்வே டாக்டரைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் மழையைப் பற்றியும் சாலையைப் பற்றியும்தான் பேச்சு. பிறகு கோண்ட்வே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என் கணக்கை வெச்சுத்தான் மூடச் சொன்னீங்களா?"

டாக்டர் நேராக அவரைப் பார்த்துச் சொன்னார். "பார்த்தேன். பார்க்கலைன்னு சொல்ல மாட்டேன். அதைப் பார்க்காம இருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேனான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. பார்த்ததை மறந்துட்டு யோசிக்க எனக்கு வரலை."

"உங்க இடத்துல இருந்தா நானும் மூடத்தான் சொல்லியிருப்பேன். அதான் எனக்கு ஆத்திரம்" என்றார் கோண்ட்வே.

யாரோ தட்டில் நிஷிமாவும் பீன்ஸும் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டோம்.

திரும்பும் வழியில், டாக்டர் முன்னால் ஓட்டிக்கொண்டிருக்க, பின் இருக்கையில் அவளிடம் இதைக் கிசுகிசுத்தேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அப்படீன்னா அவர் கோப்புலதான் பார்த்திருக்காரா? நான் சொல்லலையா?"

"பார்த்தேன்னு சொன்னார். நீ சொன்னியான்னு அவர் சொல்லலை."

"நீ கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். ஆனால் சாவு வீட்டில், சோற்றில் கை வைத்திருக்கும்போது எப்படிக் கேட்பது? அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் ஒன்று செய்தாள். மூன்று நிலையங்களையும் சுற்றிச் சுற்றிப் பேசி, ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தாள். கணக்கைப் பகிர்வதும் பகிராததும் அவரவர் விருப்பம். ஆனால் தன் அரசாங்கத்துக்குக் கதவைச் சாத்தச் சொல்பவர், மற்ற இருவருக்கும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். டாக்டர் சிட்டாலி, சொல்வேன், ஆனால் அனுமதி கேட்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். கோண்ட்வே பல மாதம் இழுத்தடித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அடுத்த பருவத்தில் அவருடைய மதிப்பீடும் வந்தது. முன்பைவிடத் தாமதமாக, முன்பைவிடக் கொஞ்சம் பட்டும் படாமலும். ஆனால் தொடக்கத்தில் மாடுகளின் நலம் விசாரித்திருந்தார். சந்தோஷப்படலாமா என்று அவள் என்னைக் கேட்டாள். படலாம் என்றுதான் சொன்னேன்.

அதற்கடுத்த ஆண்டு நல்ல மழை, நல்ல விளைச்சல், எங்கள் பக்கத் தடை நீங்கியிருந்தது. லுயாண்டோ விடுப்பில் மொன்ஸே போயிருந்தாள். முற்றத்தில் அம்மாவோடு கதிர் உதிர்த்துக்கொண்டிருந்தபோது சலாமாவிடமிருந்து அழைப்பு. இந்த முறை பதிவு செய்த பேச்சு இல்லை, நேரடியாகவே.

"நாளைக்கு எங்க அரசாங்கத்துல வெளிநாட்டு மக்காச்சோளம் உள்ளே வர்றதை நிறுத்தப் போறாங்க. எங்க விவசாயிங்களுக்கு விலை இல்லை. நான்தான் எழுதிக் கொடுத்தேன். சொல்லணும்னு ஒப்புக்கிட்டோம்ல, சொல்லிட்டேன்."

"அக்கா, இதை நான் யார்கிட்ட சொல்லலாம்?"

"அதை நாம முடிவு பண்ணவே இல்லையே" என்றாள் சலாமா.

லுயாண்டோ பட்டிப் பக்கம் நடந்துபோய் முதலில் கோண்ட்வேயை அழைத்தாள், அப்புறம் டாக்டரை அழைத்தாள். அதுவரை அவளுக்குக் குழப்பம் இல்லை. திரும்பி வந்தபோது தம்பி சோங்கோ வாசலில் லாரியின் மேல் நின்று தார்ப்பாயைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். லாரி நிறைய மக்காச்சோளம், வடக்கு எல்லையில் இருக்கும் நக்கொண்டே வழியாகத் தான்சானியாவுக்கு. அம்மா இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"யாரு போன்ல?" என்றான்.

"வேலை விஷயம்."

அவன் இறங்கி வந்து கைகழுவி உட்கார்ந்தான். அவள் அவனையும் லாரியையும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். கடைசியில், "வடக்கே ரோடு சரியில்லையாம். ரெண்டு நாள் பொறுத்துப் போயேன்" என்றாள்.

"நீ எப்ப ரோட்டைப் பத்தி ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சே?"

அவள் இன்னொரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவன் அவளையே பார்த்தான். பிறகு தட்டை நகர்த்திவிட்டுப் போய்க் கயிற்றை அவிழ்த்தான். அன்று அவன் கிளம்பவில்லை. மறுநாள் வானொலியில் தான்சானியாவின் செய்தி வந்தபோதும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. சரக்கைத் தெற்கே ஏற்றிக்கொண்டு போனான்.

விடுப்பு முடிந்து வந்தவள் இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு, வட்டத்தை விட்டு வெளியே போகாது என்ற வாக்கைக் காப்பாற்றினேனா உடைத்தேனா என்று கேட்டாள். ரோடு என்றுதானே சொன்னாய் என்றேன். அதுதான் இன்னும் மோசமாகப் படுகிறது என்றாள். சலாமாவிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். சொன்னால் சலாமா இனி அழைப்பாளா என்றும் யோசித்தாள்.

இந்த வாரம் டார் எஸ் சலாமில் கூட்டு கூடுகிறது. அவள் போயிருக்கிறாள். கோண்ட்வேயும் வருகிறார் என்று கேள்வி. வட்டத்துக்குள் யார் யார் என்பதைத்தான் முதல் விஷயமாக எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தம்பியைப் பற்றி அங்கே பேசுவாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.